ஊஞ்சல் கொம்பில் செய்த கட்டை

பியானோவில் ஒரே ஒரு கட்டை மட்டும் அமுங்கிக் கிடந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் கர்க்கடக மாசத்தில், ஆடி மழையில், குன்னத்துகாலில் ஒரு வாரம் இருந்து பார்த்ததில்லை. உப்புச் சாடி தண்ணீராகிவிடும். பெட்டியில் மடித்து வைத்த முண்டில் கரும்புள்ளி விழும். கதவுகள் நிலையில் மாட்டிக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் வழிவிடும். மரமென்று பிறந்தது ஈரம் குடிக்காமல் என்ன செய்யும்? பாறசாலை மிஷன் பங்களாவில் இருந்த துரை சீமைக்குத் திரும்பியபோது ஏலம் போட்ட பியானோ அது. நெய்யாற்றின்கரை தாலுகாக் கச்சேரியில் குமஸ்தாவாயிருந்த கைலாசம் பிள்ளை, மூத்த மகள் ஆனந்தவல்லியின் ஆசைக்காக அதை எடுத்து, எட்டு ஆள் வைத்துச் சுமந்து வந்து வீட்டுக் கூடத்தில் வைத்தார். சைவப்பிள்ளை வீட்டில் வேதக்காரர் பெட்டிக்கு என்ன வேலை என்று ஊர் கேட்டது. உலைமூடியால் ஊர்வாயை மூட முடியுமா?

கேட்ட ஊரே பிறகு மதிலோரம் நின்று வல்லியின் வாசிப்பைக் கேட்டது. பதினைந்து வயசுப் பெண். மிஷன் பெண்பள்ளிக்கூடத்து சுகிர்தபாய் டீச்சரிடம் மூன்று வருஷம் கற்றுக்கொண்டாள். அந்தப் பெண் போன கர்க்கடகத்தில் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்றோடு பெட்டி மூடியது.

கட்டை அமுங்கியதைப் பற்றி அவள் அம்மா சொர்ணம்மாள் பெரிதாக நினைக்கவில்லை. அவளை உறுத்தியது வேறொன்று. மற்றக் கட்டைகளின் மேலெல்லாம் பச்சையாய்ப் பூசணம் படர்ந்திருக்க, அந்த ஒரு கட்டையின் தந்தத்தில் மட்டும் பூசணம் இல்லை. தினமும் ஒரு விரல் பட்டுக்கொண்டிருப்பதுபோல் வழவழவென்று இருந்தது. நகத்தால் நெம்பித் தூக்கிவிட்டு அடுக்களைக்குப் போய்த் திரும்பினால், சத்தமில்லாமல் மறுபடி அமுங்கியிருக்கும். யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

ஆண்டுத் திதி முடிந்ததும் பெட்டியை மிஷன் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிடலாம் என்று பிள்ளை சொல்லியிருந்தார். சொர்ணம்மாளும் சரி என்றாள். ஒரே ஒரு ஆசைதான் அவளுக்கு. இளையவள் சண்முகவடிவு கைக்குழந்தையாயிருந்தபோது தொட்டிலை ஆட்டிச் சொர்ணம்மாள் பாடிய தாராட்டை வல்லி காதால் வாங்கி வைத்திருந்து, பெரியவளானதும் பியானோவில் வாசிப்பாள். அதை இன்னொரு தரம் கேட்கவேண்டும். திதியன்று வந்து வாசித்துத் தருவதாக சுகிர்தபாய் டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தப் பாட்டில் வரிக்கு வரி கடைசியில் வந்து உட்காருகிற சுரம் இந்தப் பாழாய்ப்போன கட்டையில்தான் இருந்தது.

வடிவுக்கு எட்டு வயசு. இந்த ஒரு வருஷத்தில் அவள் எப்போது சாப்பிட்டாள், எங்கே படுத்தாள் என்று கேட்டால் சொர்ணம்மாளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, சுண்ணாம்பு வைக்கிற அளவுக்குக்கூட அவள் இளையவளைப் பார்க்கவில்லை. பெற்ற தாயா இப்படி என்று கேட்கலாம். கேட்பது சுலபம்.

இனி அந்த மரத்துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அந்தப் பக்கத்து வீடுகளில் சாவு விழுந்தால், தெற்குப் பறம்பில், அதாவது தெற்குப்பக்கத் தோப்பில், நிற்கும் மாமரம் ஒன்றை வெட்டுவார்கள். மாவு என்பார்கள் அங்கே; பச்சையிலும் எரிகிற மரம் அது. வெட்டியதை அன்றைக்கே முழுக்கச் சிதையில் வைத்துவிட வேண்டும். கொம்பு, இலை, கோடரி பட்டுத் தெறித்த சிராய் வரை கூட்டிப் பெருக்கி நெருப்பில் போடுவார்கள். ஒரு துணுக்குகூட வீட்டுக்குள் திரும்பக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் மீறியதுமில்லை.

வல்லிக்காக வெட்டியது அவள் ஊஞ்சல் கட்டி ஆடிய மாமரம். கயிறு அறுத்து அறுத்து ஒரு கொம்பில் விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. அந்தக் கொம்பு ஒரு முழத் துண்டாக வெட்டுப்பட்டு அடுக்களைப் புறத்துக்கு உருண்டு வந்தபோது, யாரும் பார்க்காத ஒரு நொடியில் சொர்ணம்மாள் அதை எடுத்து நனைந்த துணிக்கூடைக்குள் திணித்துவிட்டாள். மகள் முழுசும் போகிறாள், இந்த ஒரு துண்டாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

பிறகு மழை வலுத்தது. சிதைக்கு மேலே கட்டிய ஓலைப்பந்தல் ஒழுகித் தீ பாதியில் தணிந்தது. தெற்கேயிருந்து ஒருவர் அடுக்களையைப் பார்த்துக் கூவினார்.

"மாவு இன்னும் ஒரு துண்டு கெடக்குதா? வலப்பக்கம் தீ பிடிக்கல்ல!"

"இல்ல" என்றாள் சொர்ணம்மாள். காலடியில் கூடை இருந்தது.

தேங்காய்ச் சிரட்டையும் ஓலைச் சூட்டும் போட்டு எப்படியோ ஒப்பேற்றினார்கள். துண்டு மட்டும் அடுப்புக்கு மேலே புகைப்பரணில், புளிப்பானைக்குப் பின்னால் ஒரு வருஷம் இருந்தது.

திதிக்கு ஆறு நாள் இருக்கும்போது காரோட்டிலிருந்து பொன்னப்பன் ஆசாரி வந்தார். ஐம்பது வயசு, கைசுத்தமான வேலைக்காரர். துரை பங்களாவில் இருந்த காலத்திலேயே அந்தப் பெட்டியைத் திறந்து மூடி வழக்கமுள்ளவர். முன்பலகையைக் கழற்றி, வளைந்த கட்டையை உருவி எடுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வெளியே தெரிவது விரல் நீளம்தான், உள்ளே ஒரு முழத்துக்குப் போகும். அது வில்லாக வளைந்திருந்தது.

"இனி சீவி எடுத்தா நிக்காதும்மா. புதுசா செய்யணும்."

"செய்யும் ஆசாரியே. திதிக்கு ஆறு நாளாக்கும் இருக்கு."

"செய்யலாம், மரம் எங்க? எனக்க பட்டறையில பிலாத்தடி உண்டு, பிழிஞ்சா தண்ணி வரும். இந்த மாசத்துல நாலு கரையும் தேடினாலும் காஞ்ச தடி கிட்டாது. பச்சையில செய்தா நாளைக்கே இதும் வளையும். சிங்கம் பொறக்கட்டு, வெயிலு வரட்டு, வாறேன்."

அடுத்த மாசமான சிங்கத்தில் பெட்டி இந்த வீட்டில் இருக்காது. சொர்ணம்மாள் அடுக்களைக்குப் போனாள். முக்காலியில் ஏறி நின்று, புளிப்பானைக்குப் பின்னால் கையை விட்டாள். புகையேறிக் கறுத்த துண்டு கைக்கு வந்தது. வல்லியின் பாட்டு வல்லியின் மரத்தில் வரப்போகிறது, இதில் தப்பென்ன என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

ஆசாரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "எலும்பா காஞ்சிருக்கே! ஆனா இது மாவாக்கும். மாவு இந்த வேலைக்கு அவ்வளவு கொள்ளாது." துண்டைத் திருப்பிப் பார்த்தார். "எந்த மாவு?"

"கிழக்கே காத்துல சாஞ்சது."

"தெக்கேதொண்ணும் இல்லியே?"

"இல்ல."

"இதென்ன தடம்?"

"மாடு கெட்டின கயிறு பட்டதாக்கும்."

பொய் சொல்லிப் பழகாதவள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சொல்லிவிட்டாள். ஆசாரி அவள் முகத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு உளியை எடுத்தார்.

இரண்டு நாள் வெளி வராந்தாவில் வேலை நடந்தது. முன்னால் மழைத் திரை, உள்ளே இழைப்புளியின் சர் சர் சத்தம். சீவச் சீவ மாம்பட்டையின் கசந்த வாசனை வரவேண்டும். வந்தது நெய்யும் கற்பூரமும் ஈர விறகின் புகையும் கலந்த வாசனை. புகைப்பரண் மரம், அப்படித்தான் இருக்கும் என்றார் ஆசாரி. கொஞ்சம் கழித்து வேலையை நிறுத்தி விரல் நுனிகளை வாயால் ஊதிக்கொண்டார்.

"சிராய் சுடுது" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

வடிவு பக்கத்தில் உட்கார்ந்து சுருள் சுருளாய் விழும் சிராயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சுருளை வலதுகை நடுவிரலில் மோதிரம்போல் மாட்டிக்கொண்டு, தூக்கிப் பிடித்து அழகு பார்த்தாள். கதவருகே நின்ற சொர்ணம்மாள் அதைப் பார்த்தாள். எடுத்து எறி மக்களே என்று சொல்ல வாயெடுத்தாள். எதற்கு என்று ஆசாரி கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

பழைய கட்டையின் தந்தத்தைப் பெயர்த்து வச்சிரப் பசை தடவிப் புதியதில் ஒட்டி, பித்தளை ஊசிகள் நுழையும் இரண்டு துளைகளிலும் சிவப்புக் கம்பளித் துணியைத் திரும்ப வைத்து, மூன்றாம் நாள் காலையில் ஆசாரி கட்டையை அதன் இடத்தில் இறக்கினார். ஒரு விரலால் அழுத்தினார். சுரம் சுத்தமாக எழுந்தது. அவர் விரலை எடுத்தார். சுரம் நிற்கவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே, கூடத்து மூலைகளில் எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் நின்று, பிறகு அடங்கியது.

"கொள்ளாம்" என்றார் ஆசாரி. உளிகளைச் சாக்கில் கட்டினார். சோறு உண்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு நிற்கவில்லை.

அன்று உச்சிப்பொழுதில் சொர்ணம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் தாராட்டு கேட்டது.

தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு சுரமாக. வரியின் கடைசியில் அந்தச் சுரம் வந்து உட்கார்ந்தது. களைந்த தண்ணீர் காலில் வழிய எழுந்து ஓடினாள். முக்காலியில் வடிவு. பெட்டியைத் தொட்டுப் பார்த்தறியாத பெண், கால் தரைக்கு எட்டாமல் ஆட, இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தாள். சொர்ணம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன சுகமான அழுகை அது! ஒரு வருஷமாக உள்ளே கல்லாய்க் கிடந்ததெல்லாம் கரைந்து வந்தது.

"ஆரு மக்களே சொல்லித் தந்தது?"

"அக்கா" என்றாள் வடிவு. அம்மா தன்னோடு பேசிய சந்தோஷத்தில் முகம் மலர்ந்தது. "இன்னும் வாசிக்கட்டா அம்மா?"

"வாசி மக்களே. வாசி."

அங்கே நிறுத்தியிருக்கலாம். கட்டையைப் பிடுங்கி முற்றத்து வெள்ளத்தில் எறிந்திருக்கலாம். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? நெய்யாற்றில் வெள்ளம். பிள்ளை அதியன்னூரில் தங்கை வீட்டில் தங்கிக் கச்சேரிக்குப் போய்வந்தார், திதிக்கு முந்தின நாள்தான் வருவார். வீட்டில் அவளும் வடிவும்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். பகலெல்லாம் கேட்டாள்.

மறுநாள் வாசிப்பில் தடுமாற்றம் போய்விட்டது. வரிகளுக்கு நடுவே வல்லி வைக்கும் சின்ன நிறுத்தங்கள் வந்தன. ஒரு இடத்தில் வல்லி எப்போதும் தப்பாக வாசிப்பாள், அந்தத் தப்பும் வந்தது. வடிவின் இரண்டு கையும் நடுவில் இருக்க, இடது ஓரத்தில், எட்டு வயசுக் கை எட்டாத தூரத்தில், கனத்த சுரங்களின் கட்டைகள் தாமாக அமுங்கி எழுந்தன. சொர்ணம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காது போதும் என்று இருந்தது.

கூடத்தில் ஈரப்புகையின் வாசனை நிலைத்துவிட்டது. பகல் சாய்ந்ததும் வடிவு முக்காலியைவிட்டு இறங்கி அம்மாவின் மடியில் வந்து படுத்தாள். உடம்பு கொதித்தது. நடுவிரல் நுனியில் அடுப்புக்கரி பட்டதுபோல் கறுப்பு. சொர்ணம்மாள் முந்தானையை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை.

"அம்மா, அக்காளுக்கு முழுசும் வேகல்லியாம்."

"என்ன மக்களே?"

"வலப்பக்கம் வேகல்லியாம். பாதியில நிக்காளாம். அதனாலயாக்கும் போக ஒக்கல்ல. வலிக்குதுண்ணு அழுறா."

சொர்ணம்மாளின் கை வடிவின் தலையில் அப்படியே நின்றது. வெளியே ஓலைக் கீற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 'இல்ல' என்று அடுக்களை வாசலில் நின்று சொன்ன தன் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது.

திதிக்கு முந்தின நாள் காலையில் பெட்டியைச் சரிபார்க்க சுகிர்தபாய் டீச்சர் குடையும் நனைந்த சேலையுமாக வந்தார். வாசலிலேயே வாசிப்பைக் கேட்டு, "அட, நம்ம வடிவா?" என்று சிரித்துக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தார். பெட்டியின் பக்கம் போய் நின்றார். சிரிப்பு போய்விட்டது. வெகுநேரம் இடது ஓரத்தையே பார்த்தார்.

"சொர்ணம்மா, அந்தக் கட்டைய அமுக்குதது ஆரு?"

சொர்ணம்மாள் போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினாள்.

"அது நான் வல்லிக்குச் சொல்லிக் குடுத்த கைவழக்கமாக்கும். வேற ஒருத்தருக்கும் நான் அப்படிக் குடுத்ததில்ல." டீச்சர் குனிந்து வடிவின் நெற்றியில் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "எனக்க கர்த்தாவே! பிள்ள பொரியுதே! ஒங்களுக்குக் கண்ணில்லியா?"

"நாளைக்கு ஒரு நாள் டீச்சர். திதி கழியட்டு. ஒரே ஒரு நாள்."

"செத்தவளுக்காக இருக்கவளையும் விட்டுராதீங்க சொர்ணம்மா. உங்க கால்ல விழுதேன், பெட்டிய மூடுங்க."

"எனக்க மக வாசிக்கா. உங்களுக்கு என்ன போச்சு?"

எந்த மகள் என்று டீச்சர் கேட்கவில்லை. அழுதுகொண்டே போனார். வைத்தியனைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போய் ஒரு நாழிகை இருக்கும். பொன்னப்பன் ஆசாரி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. நேரே தெற்குப் பறம்புக்குப் போய், வெட்டிய மாமரத்தின் அடிக்குற்றியைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் புறம் வந்து இரண்டு கையையும் நீட்டினார். பத்து விரலின் நுனியிலும் கொப்புளம்.

"அம்மா, எந்த மாவு?"

இந்தத் தடவை பொய் வரவில்லை. கூடையையும், மழையையும், தெற்கேயிருந்து கேட்ட குரலையும், தான் சொன்ன பதிலையும் எல்லாம் சொன்னாள். ஆசாரி சேற்றில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் செய்தீங்கம்மா! சிதைக்கு வெட்டின மாவு, அது சும்மா இருக்குமா? அது பிள்ளைக்கு உள்ள தீயில்லியா? அதைப் பிடிச்சு வச்சா அவ எப்படிப் போவா?" மூச்சு வாங்கினார். "இப்பமே எடுங்க. அதே எடத்துல போட்டு எரியுங்க. பிடிச்சு வச்ச கைதான் போடணும், நான் தொட்டா ஆகாது. முழுசும் வேகணும், கேட்டீங்களா? என்ன கேட்டாலும் நடுவுல எடுக்கப்பிடாது."

"எரிச்சா வல்லி போயிருவாளா?"

"போனாத்தான் எளையது நிக்கும்."

சொர்ணம்மாள் கூடத்துக்குப் போனாள். வடிவு பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நடுவிரலின் கறுப்பு முதல் கணுவரை ஏறியிருந்தது. இவள் எப்போது இவ்வளவு மெலிந்தாள்? கழுத்தெலும்பு இரண்டும் துருத்தி நின்றன. ஐயோ, என் பிள்ளை என்று அவள் வயிறு அலறியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அலறியது.

முன்பலகையைத் தூக்கினாள். கட்டையைப் பிடித்தாள். வெதுவெதுவென்று இருந்தது. தூங்கி எழுந்த குழந்தையின் கையைப் பிடித்ததுபோல் இருந்தது. இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். உள்ளேயிருந்து எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

"விடு மக்களே" என்றாள் மெல்ல. "தங்கச்சிக்காக விடு."

பிடி தளர்ந்தது.

மழை தூறலாகியிருந்தது. உச்சிப்பொழுதிலேயே அந்திபோல் இருண்டிருந்தது. தெற்குப் பறம்பில் ஆசாரி ஓலைக்குடையைப் பிடித்து நின்றார். சிரட்டையும் தேங்காய்க் கதம்பையும் நெய்யும் போட்டு அவளே தீ மூட்டினாள். கட்டையை வைத்தாள். முதலில் புகை. தந்தம் பிளந்து விழுந்தது. பிறகு ஒரு நுனியில் நீலமாய்த் தீ பிடித்தது. எழுந்த வாசனை மரத்தின் வாசனை அல்ல. போன கர்க்கடகத்தில் இதே இடத்திலிருந்து எழுந்து, மூன்று நாள் அவள் கூந்தலை விட்டுப் போகாத வாசனை.

கால் பாகம் எரிந்தது. பாதி எரிந்தது.

"அம்மா, சுடுது."

குரல் மிக அருகில் கேட்டது. ஒன்பதாம் நாள் காய்ச்சலில் கேட்ட அதே குரல்.

"உங்க கையைப் பிடிச்சு வச்சுக்கிடுங்கம்மா" என்றார் ஆசாரி. "அங்க பாக்காதீங்க."

"அம்மா. சுடுது அம்மா. எடும்மா."

ஒரு வருஷமாக அந்தக் குரலுக்காக எத்தனை சாமியை வேண்டியிருந்தாள். பிள்ளை சுடுகிறது என்கிறாள். எடு என்கிறாள். எந்தத் தாய் நிற்பாள்?

கையை விட்டாள். தீக்குள்.

"அம்மா, வேண்டாம்!" ஆசாரியின் குடை விழுந்தது. அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். பாதி கரிந்த கட்டையை ஈர மண்ணில் புரட்டி, சேலைக்குள் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளங்கைத் தோல் பொசுங்கிக் கட்டையோடு ஒட்டியிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. "இல்ல மக்களே, இல்ல மக்களே" என்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த வட்டமும் பாதியில எடுத்திட்டீங்களே" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து தாராட்டு கேட்டது.

சொர்ணம்மாளின் ஆட்டம் நின்றது. காதைத் தீட்டினாள். முதல் வரி. வரியின் கடைசிச் சுரம். இருந்தது. அந்தச் சுரத்தின் கட்டை அவள் மார்பில் இருந்தது. சுரம் வீட்டுக்குள் கேட்டது.

ஓடினாள். சேறு. வழுக்கல். அடுக்களைப் படி. இருட்டு. புகை.

பாயில் வடிவு இல்லை.

முக்காலியில் இருந்தாள். முதுகு தெரிந்தது. கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வரி. கட்டை இல்லாத இடத்தில் கறுப்பாய் ஒரு சந்து. வரி முடியும்போது வடிவின் வலதுகை நகர்ந்து வந்தது. நடுவிரல் அந்தச் சந்துக்குள் இறங்கியது. சுரம் எழுந்தது. விரல் வெளியே வந்தது.

விரலில் பாதிதான் இருந்தது. மீதி கரி. ரத்தம் இல்லை. சிரட்டைக் கரியைப்போல் உலர்ந்து, நுனியில் சின்னதாய்க் கனன்றுகொண்டிருந்தது.

"மக்களே!"

வடிவு திரும்பினாள். அழவில்லை. அம்மா தன்னைத்தான் கூப்பிட்டாள், தன்னைத்தான் பார்க்கிறாள் என்று அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அழாதிங்கம்மா. அக்கா இனி அழமாட்டா. மிச்சத்த நான் வெந்து குடுக்கேன்னு அவகிட்டச் சொல்லியாச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மூன்றாம் வரியை ஆரம்பித்தாள். அவள் சட்டைக் கழுத்தின் வழியே வெள்ளையாய், மெல்லியதாய்ப் புகை வந்துகொண்டிருந்தது.